புதிய மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

"உங்க நோய்க்கு ஒரு புது மருந்து டிரையல்ல இருக்கு, சேர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் சிலர் "நம்மளச் சோதனை எலி ஆக்கப் பாக்கறாங்க" என்று பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். பலர் "பெரிய டாக்டரே சொல்றார், இலவசம் வேற" என்று ஒரு வரி கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அம்மாவின் முடக்குவாதத்துக்காக ஒரு டிரையலில் சேர்ந்தபோது, என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளை வாங்கி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றாக விசாரித்தும் விதிகளைத் தேடிப் படித்தும்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு 'புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள், 2019' பொருந்தும். கீழே 'விதிப்படி' என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

1. எந்தக் கட்டம் என்று கேளுங்கள்

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதிலைப் பொறுத்து ஆபத்தின் அளவே மாறும்.

முதல் கட்டத்தில், மருந்தை மனித உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஆரோக்கியமான சிலருக்குத்தான் கொடுப்பார்கள். புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றில் நோயாளிகளுக்கே கொடுப்பது வழக்கம். இரண்டாம் கட்டத்தில், அந்த நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்து வேலை செய்கிறதா, எந்த அளவு சரியான அளவு என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ நோயாளிகளைச் சேர்த்து, இப்போது புழக்கத்தில் உள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நான்காவது, மருந்து கடைக்கு வந்தபிறகு நடக்கும் கண்காணிப்பு.

வெளி நோயாளிப் பிரிவில் உங்களை அழைப்பது பெரும்பாலும் மூன்றாம் கட்டத்துக்காகத்தான் இருக்கும். அதுவரை அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் பற்றிய விவரம் ஓரளவு கையில் இருக்கும். "இதுவரை எத்தனை பேர் சாப்பிட்டிருக்காங்க, அவங்களுக்கு என்னென்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் இருக்கும், சொல்லவும் வேண்டும்.

2. சி.டி.ஆர்.ஐ. பதிவைப் பாருங்கள்

இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு டிரையலும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் இணையதளம் அது. பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. டாக்டரிடமோ, ஆய்வு வேலைகளை ஒருங்கிணைக்கும் ஊழியரான கோஆர்டினேட்டரிடமோ பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், ஆண்டு, மாதம், பிறகு ஒரு வரிசை எண் என்ற வடிவில் இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்கம் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். முழுவதும் படிக்க வேண்டியதில்லை, இவற்றை மட்டும் தேடுங்கள்:

- உங்கள் மருத்துவமனை பெயர், ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் இருக்கிறதா
- அந்த மருத்துவமனைக்கான எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் குழு) அனுமதி 'அப்ரூவ்டு' என்று இருக்கிறதா
- டி.சி.ஜி.ஐ. (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவர்) அனுமதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது
- ஆள் சேர்ப்பு இன்னும் திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா
- யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற நிபந்தனைகள்

கடைசி விஷயம் மிகவும் பயன்படும். வயது வரம்பு, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, ஏற்கெனவே எடுத்த மருந்துகள் என்று எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். வெளியூரிலிருந்து கிளம்பிப் போய், முதல் ரத்தப் பரிசோதனையிலேயே திரும்பி வருவதை இதைப் பார்த்தே தவிர்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதிவேட்டில் இருப்பதாலேயே அரசு அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் கூட அதில் பதிவாகின்றன. புதிய மருந்து என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் அனுமதி தனியாக வேண்டும். பதிவு எண்ணை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு, 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆய்வில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை, வியாபாரம்.

3. ஆவணங்களை முன்கூட்டியே திரட்டுங்கள்

அதிக நாள் விழுங்குவது இந்த வேலைதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், நோய் எப்போது உறுதியானது என்று காட்டும் முதல் ரிப்போர்ட், சமீபத்திய ரத்தப் பரிசோதனைகள், ஆதார் நகல், போட்டோ, வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பாஸ்புக் எதற்கென்றால் பயணச் செலவைப் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள்.

ஸ்கேன் என்றால் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். புற்றுநோய் என்றால் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு 'பிளாக்' கேட்பார்கள். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி அது. முதலில் பயாப்ஸி செய்த ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் பிரிவில் எழுதிக்கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கேட்ட அன்றே கைக்கு வராது. வாங்கும்போது பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள்.

அப்புறம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். எல்லாமே என்றால் சித்த மருந்து, லேகியம், வைட்டமின் மாத்திரை, பக்கத்து வீட்டில் சொன்ன கஷாயம் வரைக்கும். அம்மா ஒரு சூரணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அது மருந்தா என்ன, அதெல்லாம் எழுத வேண்டாம்பா" என்றார். நான் எழுதினேன். ஆய்வு மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி, சில வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறும்போது காரணம் யாருக்கும் புரிந்திருக்காது. எதையும் மறைக்காமல் சொல்வது உங்கள் பாதுகாப்புக்கே.

4. தகவல் தாளை வீட்டுக்கு வாங்கிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒப்புதல் படிவத்துக்கு முன்னால் 'நோயாளி தகவல் தாள்' என்று ஒன்று தருவார்கள். பத்து இருபது பக்கம் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தருவது அவர்கள் கடமை. தமிழ்ப் பிரதி இருக்கும், கேட்டு வாங்குங்கள். எங்களிடம் முதலில் ஆங்கிலப் பிரதியைத்தான் நீட்டினார்கள். "வெறும் ஃபார்மாலிட்டிதாங்க, கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்றார் அங்கிருந்த ஊழியர். தமிழில் வேண்டும் என்று சொன்னபிறகு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இருந்தது, கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அலட்சியம் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிறது. கையெழுத்து மட்டும் போடச் சொல்லும் எவரிடமும், "வீட்ல படிச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சு வரோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவசரச் சிகிச்சை தொடர்பான ஆய்வுகளைத் தவிர, ரெண்டு நாளில் எதுவும் கெட்டுவிடாது.

படிக்கும்போது ஒரு பேனாவால் இவற்றுக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று கோடு போடுங்கள்.

எனக்கு மருந்துதான் கிடைக்குமா? பல ஆய்வுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்குப் பழைய மருந்து அல்லது 'பிளாசிபோ' எனப்படும், மருந்தே இல்லாத மாத்திரை. எந்தக் குழு என்று உங்களுக்கும் தெரியாது, பல சமயம் டாக்டருக்கும் தெரியாது. டாக்டரைக் கெஞ்சிப் பயன் இல்லை, கணினிதான் முடிவு செய்கிறது. பிளாசிபோ உண்டு என்றால், அதற்கு எந்தப் பலனும் இருக்காது என்பதைத் தகவல் தாளில் எழுதியே ஆக வேண்டும்.

பிளாசிபோ குழுவில் விழுந்தால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா? இதைத் தனியாக, நேராகக் கேளுங்கள். எங்கள் ஆய்வில் அம்மாவின் பழைய மாத்திரை தொடர்ந்தது, அதற்கு மேல்தான் புது மருந்தோ பிளாசிபோவோ. எல்லா ஆய்வும் அப்படி இல்லை. சிலவற்றில் பழைய மருந்தை நிறுத்திவிட்டு, உடம்பிலிருந்து அது வெளியேறக் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் வலி தாங்காவிட்டால் என்ன தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை உண்டு? மாற்றுச் சிகிச்சைகளைத் தகவல் தாளிலேயே சொல்ல வேண்டும். "இதுதான் ஒரே வழி" என்று வாயால் சொன்னால், தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், எத்தனை மாதம்? கர்ப்பம் தரிக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டா, ஆண்களுக்கும் உண்டா? எந்தச் செலவு யாருடையது? ஏதாவது ஆனால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது? எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் எங்கே?

எத்திக்ஸ் கமிட்டி யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆய்வை முன்கூட்டிப் பரிசீலித்து அனுமதிக்கும் குழு அது. விதிப்படி குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பொதுமக்கள் பிரதிநிதி, ஒரு பெண் கட்டாயம். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை இவர்களிடம் கேட்கலாம். கூப்பிட்டால் பதில் சொல்வார்கள்.

5. கையெழுத்துப் போடும் நாள்

படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நோயாளிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வேலை செய்யும் நர்ஸோ கோஆர்டினேட்டரோ சாட்சியாக இருப்பது சரியல்ல. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். விவரம் புரியும் பிள்ளையாக இருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

முற்றிலும் புதிய மூலக்கூறுகளின் ஆய்வில், வறுமையில் இருப்பவர்கள், தீராத நோய் உள்ளவர்கள் போன்றோர் சேரும்போது ஒப்புதல் நடைமுறையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. கேமராவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உங்களுக்குச் சாதகமான சாட்சியம். கேமரா ஓடும்போதே சந்தேகங்களைக் கேளுங்கள்.

படிவத்தில் பெயர், வயது, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் நிரப்பச் சொல்வார்கள். அதில் நாமினி பெயர், முகவரி, உறவு என்று ஒரு வரி உண்டு. எங்கள் அம்மா அந்த வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆய்வால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான வரி அது. எல்லா ஆய்விலும் எல்லோரிடமும் கேட்பதுதான் என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். காலியாக மட்டும் விடாதீர்கள்.

தேதியை நோயாளியே தன் கையால் எழுத வேண்டும். வெளியே வருவதற்கு முன், நிரப்பிக் கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதியையும் தகவல் தாளையும் கையில் வாங்குங்கள். "அப்புறம் தரோம்" என்றால் அங்கேயே உட்காருங்கள். பின்னால் இழப்பீடோ இலவசச் சிகிச்சையோ கேட்கும் நிலை வந்தால், உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

6. ஸ்கிரீனிங்

கையெழுத்துப் போட்டதும் மருந்து தந்துவிட மாட்டார்கள். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே என்று பரிசோதனைகள் நடக்கும். சில வாரங்கள் ஆகலாம். ஒப்புதலுக்கு முன்பே 'ஆய்வுக்காக' ரத்தம் எடுத்தால் அது தவறு.

நிபந்தனைகளுக்குப் பொருந்தாமல் கழிக்கப்படுவது சாதாரணம். அப்படி ஆனால் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த டாக்டருக்குப் பயன்படும். இதை நம்பி ஏற்கெனவே எடுக்கும் சிகிச்சையை நீங்களாகவே முன்கூட்டி நிறுத்திவிடாதீர்கள்.

7. பணம்

ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைகளுக்கும் நீங்கள் ஒரு ரூபாய் கூடத் தரக் கூடாது. குழப்பம் வருவது மற்றவற்றில். தொடர்ந்து சாப்பிடும் பழைய மருந்தின் விலை, அட்மிஷன் ஆனால் அறை வாடகை, கூட வருபவரின் பேருந்துக் கட்டணம் ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு மாறும். தகவல் தாளில் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பயணச் செலவும் வேலைக்குப் போகாத நாளின் கூலி இழப்பும் பெரும்பாலான ஆய்வுகளில் உண்டு. டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பேருந்து டிக்கெட்டின் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். பாதியில் விலகினாலும் அதுவரை வந்த விசிட்டுகளுக்கான தொகை உங்களுக்குச் சேர வேண்டும். "முழுசா முடிச்சாத்தான் பணம்" என்பது ஒப்புக்கொள்ளக்கூடியது அல்ல.

உங்கள் சொந்த மருத்துவக் காப்பீட்டை இதில் நம்பாதீர்கள். நிரூபிக்கப்படாத சிகிச்சைகளை அந்தப் பாலிசிகள் பொதுவாக விலக்கி வைத்திருக்கின்றன.

8. ஆய்வு நடக்கும்போது

ஒரு டைரி அட்டை தருவார்கள். மாத்திரை சாப்பிட்ட நேரம், தலைசுற்றல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். விசிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்புவது பலர் செய்வது, ஒரே மையில் ஒரே மாதிரி எழுத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். மிச்ச மாத்திரையையும் காலி டப்பாவையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள். மாத்திரை விட்டுப்போயிருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள், திட்ட மாட்டார்கள்.

ஆய்வில் இருப்பதைக் காட்டும் அட்டையை எப்போதும் பர்ஸில் வையுங்கள். நள்ளிரவில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அதில் உள்ள எண்ணை அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள். உயிர் காக்கத் தேவைப்பட்டால், கொடுத்தது மருந்தா பிளாசிபோவா என்ற ரகசியத்தை உடைத்துச் சொல்ல வழி இருக்கிறது. சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்குவதாக இருந்தாலும் முதலில் கோஆர்டினேட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

9. உடம்புக்கு ஏதாவது ஆனால்

முதல் வேலை, ஆய்வு டாக்டருக்குப் போன். அதோடு, நேரம் பதிவாகும்படி வாட்ஸப்பிலோ மெயிலிலோ ஒரு வரி எழுதிப் போடுங்கள். உயிரிழப்பு, ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்வது, நிரந்தர ஊனம் போன்ற தீவிரப் பாதிப்பு என்றால் அவர் 24 மணி நேரத்துக்குள் சி.டி.எஸ்.சி.ஓ.வுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். விரிவான அறிக்கைக்கு 14 நாள், எத்திக்ஸ் கமிட்டியின் கருத்துக்கு 30 நாள் கெடு உண்டு. இழப்பீட்டு உத்தரவு வந்தால் 30 நாளில் நிறுவனம் பணம் தர வேண்டும்.

சிகிச்சை உடனே இலவசமாகத் தொடங்க வேண்டும். "ஆய்வு மருந்தாலதான்னு நிரூபணமாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று காக்க வைக்க முடியாது. ஆய்வுக்குத் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை செலவு அவர்களுடையது.

மரணத்துக்கான இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும், சேரும்போது நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கான 0.5 முதல் 4 வரையிலான எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். 65 வயதுக்கான எண்ணும் 99.37தான். ஆக, அந்த வயதில் ஆரோக்கியமாகச் சேர்ந்தவருக்கு 32 லட்சம் வரும், ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 4 லட்சம் வரும். வயது குறையக் குறையத் தொகை கூடும். சேரும்போது நோய் நிலையை எப்படிப் பதிந்தார்கள் என்பது இதனால்தான் முக்கியம், அந்தப் பக்கத்தின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

மருத்துவமனை பதில் சொல்லாவிட்டால் எத்திக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு எழுதுங்கள், சி.டி.எஸ்.சி.ஓ.வுக்கு நகல் அனுப்புங்கள். அதற்குச் சென்னையில் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. கடிதத்தில் சி.டி.ஆர்.ஐ. எண்ணும் உங்கள் ஆய்வு அடையாள எண்ணும் இருக்க வேண்டும்.

10. விலகுவதும் முடிவதும்

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த மருத்துவமனையில் உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடைசியாக ஒரு பரிசோதனை செய்துகொண்டு விலகுங்கள்.

ஆய்வு முடிந்ததும் மருந்து நின்றுவிடும். நன்றாக வேலை செய்த மருந்து கைவிட்டுப் போவது உண்மையிலேயே கஷ்டம். வேறு சிகிச்சை இல்லாத நோய், மருந்தால் பலன் தெரிந்திருக்கிறது, ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டியும் ஏற்றது என்றால், நிறுவனம் இலவசமாகத் தொடர்ந்து தர விதியில் இடம் உண்டு. அதற்கு நீங்கள் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுங்கள், கமிட்டி கூடி முடிவெடுக்க நாளாகும். கூடவே, எந்தக் குழுவில் இருந்தோம் என்பதை எப்போது சொல்வார்கள் என்றும் கேட்டு, அந்த மாதத்தைக் கோப்பின் மேலட்டையில் எழுதி வையுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் அந்தத் தகவல் வீடு வந்து சேராது.